நாதவெள்ளம் குழுவினர் சவுண்ட் கார்டு வாங்கிய கதை

தென்காசியிலிருந்து மேற்கே போகும் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் இறக்கிவிட மறந்துபோகிற இடத்தில் நாமாகச் சத்தம் போட்டு இறங்கிக்கொண்டால் அதுதான் சுண்டங்குறிச்சி. அந்த ஊரில் 'நாதவெள்ளம் மெல்லிசைக் குழு' என்று ஒன்று உண்டு. மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் தங்கமான மனசு. தலைக்குள் மட்டும் கடவுள் எதையும் போட்டு அடைக்காமல் நல்ல காற்றோட்டமாக விட்டுவிட்டார்.

குழுவின் தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சி. பாடகர். யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவது அவருடைய கொள்கை. ஒருமுறை சுரண்டையில் ஒரு கல்யாணத்தில் மைக்செட்காரர், "அண்ணாச்சி, மைக்க விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னு பாடுங்க, இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே தேநீர் குடிக்கப் போய்விட்டார். நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் அண்ணாச்சி தள்ளித் தள்ளிப் போய் மீதிப் பாட்டைப் பந்திக் கூடத்தில் நின்று பாடி முடித்தார்.

கிட்டார் வாசிப்பவன் வியாகப்பன். "இந்தப் பாட்ட நீ கண்ண மூடிக்கிட்டே வாசிக்கலாம்லே" என்று எப்போதோ ஒருவர் பாராட்டியதிலிருந்து அந்தப் பாட்டுக்குக் கண்ணைத் திறப்பதே இல்லை. மேடையிலிருந்து இரண்டு முறை விழுந்திருக்கிறான்.

பாடகி செண்பகவடிவு. குழுவின் எழுத்து வேலை எல்லாம் அவளுடையது. ஒலிநாடாவில் பாட்டைக் கேட்டு நோட்டில் எழுதுவாள். கேட்டதில் ஒரு எழுத்தை விடமாட்டாள். பாட்டு நடுவே யாராவது இருமியிருந்தால் இருமலையும் எழுதி, மேடையில் சரியாக அதே இடத்தில் இருமுவாள். அந்த இருமலுக்காகவே கைதட்டல் வாங்கியிருக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது ஆள் தபேலா எசக்கிமுத்து. இந்தக் கதை அவன் தோளில் உட்கார்ந்துதான் போகப்போகிறது. எந்தப் பேச்சிலும் கடைசியாக வாய் திறப்பவன் என்பதால் நாலு பேரில் தானே புத்திசாலி என்பது அவன் எண்ணம். மற்ற மூன்று பேரும் அதை ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிச் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்த குழுவில் பங்குனி மாதம் கீபோர்டு வாசிப்பவர் வேறு குழுவுக்குப் போய்விட்டார். கீபோர்டு இல்லாத குழுவை எந்தக் கல்யாண வீட்டில் கூப்பிடுவார்கள்? ஐந்து மாதம் ஒரு கச்சேரி கிடையாது. செய்தி கோவில்பட்டியில் புண்ணாக்கு மண்டி வைத்திருக்கும் எசக்கிமுத்துவின் மாமனார் கொம்பையாவின் காதுக்குப் போயிற்று.

கொம்பையா சொல்லியனுப்பினார்: "ஆவணி முடியறதுக்குள்ள மாப்பிள்ள ஒரு கல்யாணத்துல வாசிச்சு, நாலு பேரு நல்லா இருக்குன்னு சொல்லி, அத நான் பாக்கணும். இல்லன்னா தபேலாவ மூட்டை கட்டி வச்சிட்டு மண்டிக்கு வந்து மூட்டை நிறுக்கட்டும்."

எசக்கிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் ஏற்கனவே ஒருமுறை நாலு நாள் மண்டியில் இருந்து பார்த்தவன். கை சும்மா இருக்காமல் புண்ணாக்கு மூட்டையின்மேல் ஆதி தாளம் போட, தூசி கிளம்பி, வாங்க வந்த பதினோரு பேரும் தும்மிக்கொண்டே ஓடிப்போனார்கள். அந்த மூட்டைகளிலிருந்து ஒரு நாதமும் வராது என்பதுதான் அவனை ரொம்ப வாட்டியது. தபேலா இல்லாமல் உயிரோடு இருப்பது எப்படி என்று அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஆவணிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது தெய்வம்போல வந்து சேர்ந்தார் கோமதிநாயகம். உள்ளூர்க்காரர்தான், பெங்களூரில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை. நாற்பது வயதில் கல்யாணம் கூடிவந்திருந்தது. தென்காசி மண்டபத்தில் ஆவணிக் கடைசி முகூர்த்தம், அன்று மாலை வரவேற்பு. அவருக்கு ஒரு விசித்திரமான ஆசை.

"அண்ணாச்சி, பதினஞ்சு வயசுல எங்க வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல நானே பதினோரு மெட்டு போட்டு வச்சேன். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் பரண்ல இருக்கு. அதுல இருந்த சவுண்ட் கார்டு மட்டும் போயிட்டு. அந்தக் காலத்துக் கார்டு ஒண்ணு வாங்கி மாட்டினா அந்த மெட்டெல்லாம் திரும்பப் பாடும். எப்.எம். முறைன்னு பேரு. ரேடியோ இல்ல, இது வேற. ஒரு ஒலி அலைய வச்சு இன்னொரு அலைய ஆட்டி ஆட்டிச் சத்தம் எடுக்கது. இப்ப உள்ள கம்ப்யூட்டர் அத நகல் எடுக்கும், ஆனா என் காதுக்குத் தெரிஞ்சிரும். எனக்கு அசல் வேணும். உங்களுக்குக் கீபோர்டு ஆள் இல்லன்னு கேள்விப்பட்டேன். அந்தக் கார்டுதான் கீபோர்டுன்னு நெனச்சுக்கிடுங்க. கூட நீங்க வாசிங்க."

எசக்கிமுத்து அவர் காலில் விழப்போனான். வியாகப்பன் முந்திக்கொண்டு விழுந்துவிட்டதால் இடமில்லை.

மறுநாள் கோமதிநாயகம் பெங்களூரிலிருந்து போன் போட்டு, கார்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொன்னார். செண்பகவடிவு போனைக் காதில் இடுக்கிக்கொண்டு பாட்டு நோட்டில் எழுதினாள். அவர் ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் ஒரு எண் போட்டாள். முடிந்ததும் தங்கப்பழம் அண்ணாச்சி வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார, அவள் வாசித்தாள்.

"ஒண்ணு. பெட்டியப் பாத்து ஏமாந்துராதீங்க.

ரெண்டு. கார்டத் தொடுறதுக்கு முன்னால ஒரு இரும்பத் தொட்டுக்கோங்க, உடம்புல உள்ள கரண்டு இறங்கிரும்.

மூணு. ஒரு நிமிஷம், அடுப்புல பால் பொங்குது, இறக்கி வச்சிட்டு வாரேன்.

நாலு. சிப்பு மேல 262-னு இருக்கணும், அதுதான் அசல்.

அஞ்சு. இரைச்சல் இல்லாத கார்டாப் பாத்து எடுங்க.

ஆறு. சரி, மாமனார் வந்துட்டாங்க."

மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு தரம் 'சரிதான்' என்றார்கள். எசக்கிமுத்து வழக்கம்போலக் கடைசியாக வாய் திறந்தான்.

"மதினி, அந்த மூணாவது கம்ப்யூட்டர் சம்பந்தமாத் தெரியலையே."

"நானா ஒரு எழுத்து சேத்தேனா? அவரு வாய்லருந்து வந்தது அப்படியே இருக்கு" என்றாள் செண்பகவடிவு.

"இருவது வருஷம் அதே வேலையா இருக்க மனுசன் காரணம் இல்லாமச் சொல்லுவாரா?" என்றார் அண்ணாச்சி.

வியாகப்பன்தான் முடிச்சை அவிழ்த்தான். "புது வீட்டுக்குப் போனாப் பால் காய்ச்சுதோமா இல்லையா? கார்டு இத்தன வருஷம் கடையில கெடந்துட்டு, இப்பப் புதுசா ஒரு கம்ப்யூட்டருக்குள்ள குடிபோகுது. அதுக்குக் காய்ச்ச வேண்டாமா?"

எசக்கிமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு ஆழமாகத் தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டான்.

ஆறாவதுதான் சிக்கல். மாமனார் வரவேண்டும். யாருடைய மாமனார்? அண்ணாச்சியின் மாமனார் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். வியாகப்பனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. செண்பகவடிவின் மாமனார் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போயிருந்தார். மூன்று பேரும் திரும்பி எசக்கிமுத்துவைப் பார்த்தார்கள்.

"அவரா? அவரு வந்தா என்னை மூட்டையோட மூட்டையாத் தூக்கிட்டுப் போயிருவாரு."

"கார்டு சரியா அமையலன்னாலும் தூக்கிட்டுத்தானலே போவாரு" என்றார் அண்ணாச்சி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எசக்கிமுத்து போன் போட்டான்.

"மாமா, நாளைக்கு மத்தியானம் நெல்லை ஜங்ஷன் சாகுல் பாய் கடைக்கு வரணும். ரொம்ப அவசரம்."

"என்ன மாப்ள? யாருக்கு என்ன?"

"அது வந்தாத்தான் மாமா தெரியும்" என்றான் எசக்கிமுத்து. உண்மையில் அவனுக்கே தெரியாது.

மறுநாள் காலை நாலு பேரும் புறப்பட்டார்கள். இரும்புக்காக வியாகப்பன் வீட்டுக் கடப்பாரையைக் கொண்டுவந்திருந்தான். எப்போது கார்டு எதிர்ப்படும் என்று யார் கண்டது? தொட்டுக்கொண்டே போவதுதான் பத்திரம் என்று முடிவாயிற்று. நெல்லை பஸ் நிலையத்தில் இறங்கியதிலிருந்து நாலு பேரும் ஆளுக்கொரு கையால் கடப்பாரையைப் பிடித்தபடி வரிசையாக நடந்தார்கள். பந்தக்கால் நடப் போகிறார்கள் என்று நினைத்து ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். போக்குவரத்து போலீஸ்காரரே வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்.

ஜங்ஷன் பக்கத்துச் சந்தில் சாகுல் பாய் கடை. பழைய கம்ப்யூட்டர் சாமான் எது வேண்டுமானாலும் அங்கே கிடைக்கும். கடப்பாரையோடு நாலு பேர் உள்ளே வருவதைப் பார்த்ததும் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

"என்ன வேணும்?"

"பழைய சவுண்ட் கார்டு வேணும் பாய். எப்.எம். முறை. அசல்."

சாகுல் பாய்க்கு முகம் மலர்ந்தது. இந்தக் காலத்தில் இப்படிக் கேட்டு வருபவர் யார் இருக்கிறார்கள்! ஷட்டரை மறுபடி தூக்கிவிட்டு, அலமாரிமேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை ஆசையாக இறக்கி மேசைமேல் வைத்தார். நாலு பேரும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"ஏன் திரும்புதீங்க?"

"பெட்டியப் பாத்து ஏமாறக்கூடாதுன்னு உத்தரவு" என்றார் அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடி.

"சரி, பெட்டிய எடுத்துட்டேன். திரும்புங்க."

திரும்பினார்கள். வியாகப்பன் அலறினான். "அண்ணாச்சி, அங்க கல்லாப்பெட்டி இருக்கு!"

மறுபடி சுவர். பாய் கல்லாப்பெட்டிமேல் துண்டைப் போட்டு மூடினார். கார்டைப் போட்டுப் பார்க்கக் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். கம்ப்யூட்டரும் ஒரு பெட்டிதானே என்று செண்பகவடிவு ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள். அது பெட்டிதான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆகவே கார்டுகளைச் சோதிக்கும்போது நாலு பேரும் சுவரைப் பார்த்து நின்றபடி காதால் மட்டும் கேட்பது என்று பாயோடு ஒப்பந்தம் ஆனது.

"அதுக்கு முன்னால பால்" என்றார் அண்ணாச்சி.

பையிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. பால் வந்தது. செம்பு வந்தது.

"ஏவே, கடை தொறந்து இருவத்திரண்டு வருஷம் ஆச்சு. இப்ப என்ன பால் காய்ச்சுதீங்க?" என்றார் பாய்.

எல்லார் கண்ணும் எசக்கிமுத்துவின் கைக்கடிகாரத்தில் இருந்தது. ஒரு நிமிஷம் என்று நோட்டில் தெளிவாக இருக்கிறது. நிமிஷம் முடிந்தது, பாலில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அடுப்பை அணைத்து, பாலை ஆறவைத்து, மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்றாம் முறையும் அப்படியே.

"நிமிஷத்தப் பெருசாக்க முடியாது, பாலக் கொறச்சிருவோம்" என்றான் எசக்கிமுத்து. சொல்லிவிட்டுத் தானே அசந்துபோனான்.

ஒரு கரண்டிப் பால் விட்டார்கள். ஐம்பது வினாடியில் குபீரென்று பொங்கியது. வியாகப்பன் செம்பை இறக்கி வைத்தான். பிறகு தெருவுக்குப் போய், "வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்தான். செண்பகவடிவு நோட்டில் மூன்றாம் வரிக்கு எதிரே ஒரு டிக் போட்டாள்.

சாகுல் பாய் நல்ல மனுசர். இருபத்திரண்டு வருஷ வியாபாரத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். கடையில் இருந்த கார்டுகளில் முதுகில் 262 என்று பொறித்த சிப் உள்ளவை மூன்று. அதில் முதலாவதை எடுத்தார். நாலு பேரும் கடப்பாரையைத் தொட்டுவிட்டுக் கார்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். பாய் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு மெட்டைத் தட்டிவிட்டார்.

ஆஹா! தண்ணீருக்குள் வெண்கல மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். அடியில் கும்மென்று ஒரு சுருதி, மேலே சில்லுச் சில்லாக உதிர்கிற நாதம். எசக்கிமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரல்கள் தாமாகச் சுவரில் தாளம் போட்டன. இதோடு சேர்ந்து வாசித்தால் போதும், மாமனார் என்ன, மாமனாரின் மூட்டைகளே எழுந்து ஆடும் என்று நினைத்தான்.

மெட்டு முடிந்தது. அண்ணாச்சி ஒரு விரலைத் தூக்கினார். எல்லாரும் உற்றுக் கேட்டார்கள். ஒலிபெருக்கியிலிருந்து மெல்லிசாக 'ஸ்ஸ்ஸ்' என்று வந்துகொண்டிருந்தது.

"இரைச்சல்" என்றார் அண்ணாச்சி.

"பழைய கார்டுன்னா தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி லேசா அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. காதக் குடுத்துக் கேட்டாத்தான் தெரியும். இதவிட அசல் உங்களுக்கு எங்கயும் கெடைக்காது."

"அண்ணாச்சி, இதையே எடுத்துருவோமே" என்றான் எசக்கிமுத்து. அவன் குரல் கெஞ்சியது. அந்த நாதம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அண்ணாச்சி நோட்டைக் காட்டினார். "இரைச்சல் இல்லாத கார்டுன்னு எழுதியிருக்கா, கொஞ்சமா இரைச்சல் உள்ள கார்டுன்னு எழுதியிருக்கா? நீயே வாசி."

எசக்கிமுத்து வாசித்தான். பெருமூச்சு விட்டான். இரண்டாவது கார்டிலும் 'ஸ்ஸ்ஸ்'. மூன்றாவது கார்டிலும் அதே. சாகுல் பாய் கையை விரித்துவிட்டார்.

அப்போது அண்ணாச்சியின் கண் மேசையோரம் போயிற்று. அங்கே பில் கட்டு காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கார்டு வைத்திருந்தது.

"அது என்னது பாய்?"

"அதுவா? அது செத்துப்போன கார்டு. வெயிட்டுக்கு வச்சிருக்கேன்."

"போட்டுக் காட்டுங்க."

"செத்துப்போச்சுங்கேன்."

"போட்டுத்தான் காட்டுங்களேன்."

பாய் போட்டார். நாலு பேரும் சுவரோடு சுவராக ஒட்டி நின்று கேட்டார்கள். திரையில் மெட்டு ஓடுவதாகப் பச்சைக் கோடுகள் ஏறி ஏறி இறங்கின. ஒரு சத்தம் இல்லை. மெட்டு முடிந்தது. அப்போதும் ஒரு சத்தம் இல்லை.

செண்பகவடிவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "எம்புட்டுச் சுத்தம் அண்ணாச்சி!"

"கார்டுன்னா இது கார்டு" என்றார் அண்ணாச்சி.

எசக்கிமுத்துவுக்கு மட்டும் முதல் கார்டின் நினைவு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

ஒரே ஒரு சங்கடம். தேய்ந்துபோன அந்தக் கார்டின் சிப்பில் 262 என்ற எண் இல்லை. கால்மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் வியாகப்பன் கேட்டான்: "சிப்பு மேல 262-னு இருக்கணும்னுதான சொன்னாரு? யாரு எழுதியிருக்கணும்னு சொன்னாரா?" சொல்லவில்லைதான். செண்பகவடிவு பேனாவை எடுத்து அழகாக, அடிக்கோடு போட்டு, 262 என்று எழுதினாள்.

"அத நான் சும்மாவே தாரேன், எடுத்துட்டுப் போங்க" என்றார் சாகுல் பாய். அவருக்குத் தலை சுற்றிக்கொண்டு வந்தது.

சொல்லிவைத்தாற்போல அந்த நேரம் கொம்பையா வந்து சேர்ந்தார். மண்டியைப் பூட்டிவிட்டு, யாருக்கு என்னவோ ஏதோ என்று தோளில் துண்டும் கையில் வெந்நீர் பிளாஸ்க்குமாக வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்திருந்தார்.

"என்ன மாப்ள? என்ன ஆச்சு?"

செண்பகவடிவு நோட்டைப் பார்த்தாள். "மாமனார் வந்துட்டாங்க" என்று வாசித்து டிக் போட்டாள்.

"எல்லாம் முடிஞ்சிட்டு மாமா. நீங்க போலாம்" என்றான் எசக்கிமுத்து பணிவாக.

கொம்பையாவின் மீசை துடித்தது. அங்கே எரிந்துகொண்டிருந்த அடுப்பையும், கடப்பாரையையும், துண்டு போர்த்திய கல்லாவையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "கோவில்பட்டியிலருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன், போலாங்கியா? இருக்கட்டும். தென்காசியில உங்க கச்சேரின்னு கேள்விப்பட்டேன். ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு நானும் மண்டபத்துக்கு வாரேன். மொத வரிசையில உக்காருவேன். அன்னைக்கு நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லல, மேடையிலருந்தே உன்னக் கூட்டிட்டுப் போறேன். வண்டியோட வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகூர்த்த நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்கு மண்டபத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பரணிலிருந்து இறங்கிய பழைய கம்ப்யூட்டர் மேடையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வியாகப்பன் கடப்பாரையைத் தொட்டுவிட்டுக் கார்டை மாட்டினான். முதல் வரிசையில் கொம்பையா கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். வெளியே அவருடைய மினி லாரி நின்றது, பின்பக்கம் திறந்தபடி. எசக்கிமுத்து அதைச் சன்னல் வழியாகப் பார்த்தான்.

கோட்டும் மாலையுமாகக் கோமதிநாயகம் மேடை ஏறும் வழியில் ஒரு நிமிஷம் நின்றார். மாலை கனத்ததால் குனிந்து கார்டைப் பார்க்க முடியவில்லை.

"262 இருக்கா அண்ணாச்சி?"

"நல்லாப் பெருசா, கோடு போட்டு இருக்கு."

"இரைச்சல்?"

"மருந்துக்குக் கூடக் கெடையாது."

கோமதிநாயகம் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இருவத்தஞ்சு வருஷம் கழிச்சுக் கேக்கப்போறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். கார்டோட சத்தத்துக்கு மேல உங்க சத்தம் ஒரு பொடி கூட வந்துரக்கூடாது."

"வராது" என்றார் அண்ணாச்சி.

கோமதிநாயகம் மேடையேறிப் பொத்தானைத் தட்டினார். திரையில் முதல் மெட்டு என்று எழுத்து வந்து, பச்சைக் கோடுகள் துள்ள ஆரம்பித்தன. அண்ணாச்சி காதைக் கூர்மையாக்கிக் கார்டின் சத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, அதைத் தாண்டாமல் பாட ஆரம்பித்தார். செண்பகவடிவு உதட்டை மட்டும் அசைத்தாள். வியாகப்பனின் விரல்கள் கம்பிக்கு ஒரு நூல் மேலே ஓடின. எசக்கிமுத்து தபேலாவின் தோலில் கை படாமல், உயிரைக் கொடுத்து, வேர்க்க வேர்க்க வாசித்தான். இப்படி அவன் வாழ்க்கையில் வாசித்ததில்லை.

மண்டபத்தில் ஐந்நூறு பேர் கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வரவேற்பு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆள் உயர ஒலிபெருக்கி நெஞ்சில் அறையும். பக்கத்து நாற்காலிக்காரரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று மூன்று தரம் கத்தினால் அவர் தன் மகன் துபாயில் இருப்பதாகச் சொல்வார். அன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை. முதலில் ஒரு அத்தை சாதாரணக் குரலில் பக்கத்திலிருந்தவளிடம், "புடவ எங்க எடுத்த?" என்று கேட்டாள். பதிலும் அப்படியே காதில் விழுந்தது. அவ்வளவுதான், மண்டபம் முழுக்கப் பேச்சு பற்றிக்கொண்டது. சம்பந்திகள் இரண்டு பேரும் முதல்முறையாக ஒருவர் பெயரை ஒருவர் சரியாகத் தெரிந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் விசாரித்ததில், தான் வேறு கல்யாணத்துக்கு வந்திருப்பது தெரிந்தது. இருந்தாலும் இங்கே இதமாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் கோமதிநாயகம் ஒலிபெருக்கியை உற்றுப் பார்த்தார். கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. ஒரு எட்டு எடுத்து வைத்தார்.

"எதத் தேடுதீங்க?" என்று கேட்டாள் மணப்பெண் ஆவுடைச்செல்வி.

கோமதிநாயகம் திரும்பினார். நிச்சயதார்த்தத்திலும் மெல்லிசை வைத்திருந்ததால் அவள் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை. நல்ல குரல்.

"இல்ல, ஒரு சத்தம் வரணும். எப்.எம். முறைன்னு" என்று ஆரம்பித்தார். ஒரு அலை இன்னொரு அலையை எப்படி ஆட்டும், மணிச்சத்தம் அதிலிருந்து எப்படிப் பிறக்கும், பதினைந்து வயதில் மெட்டுப் போட்டபோது அப்பா எப்படி அடித்தார் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். நடுநடுவே கேள்வி வேறு கேட்டாள். பெங்களூரில் இருபது வருஷத்தில் இதைப்பற்றி அவரிடம் ஒருத்தர்கூடக் கேள்வி கேட்டதில்லை. கார்டு என்ன ஆயிற்று என்பதை அவர் அத்தோடு மறந்தே போனார்.

பதினோரு மெட்டும் முடிந்தன. திரையில் பச்சைக் கோடு நின்றது. அண்ணாச்சி எழுந்து கும்பிட்டார். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது, அந்தச் சாயங்காலத்தில் அங்கே கேட்ட முதல் பெரிய சத்தம் அதுதான். "இப்படி ஒரு கச்சேரி கேட்டதில்ல!" "என்ன இதம், என்ன இதம்!" என்று கீழேயிருந்து குரல்கள் வந்தன. இரண்டு வீட்டார் அங்கேயே ஐப்பசி முகூர்த்தத்துக்குத் தேதி கேட்டார்கள்.

எசக்கிமுத்து எதையும் கேட்கவில்லை. அவன் கண் முழுக்க முதல் வரிசையில் இருந்தது. கொம்பையா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேடைப் படியில் ஒவ்வொன்றாக ஏறி வந்தார். எசக்கிமுத்து தபேலாவைத் துணியில் சுற்ற ஆரம்பித்தான்.

"அவுருங்க மாப்ள அந்தத் துணிய" என்றார் கொம்பையா. குரல் தழுதழுத்தது. "மண்டியும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம். பக்கத்து நாற்காலியில இருந்தவன் என்கூட ஒண்ணாப்பு படிச்சவன். பேச்சு வார்த்த இல்லாம முப்பது வருஷம் ஆச்சு. இன்னைக்கு உக்காந்து எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டோம். தை மாசம் என் அறுவதாங் கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிக்கணும். நீங்க நாலு பேரு, அந்தக் கார்டு, எல்லாரும் வரணும்."

எசக்கிமுத்து அழுதேவிட்டான். அண்ணாச்சி அழுதார். வியாகப்பன் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கொம்பையா போகத் திரும்பியவர், எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். பிறகு மாப்பிள்ளையின் காதருகே குனிந்து, மற்றவர் காதில் விழாமல், சொன்னார்.

"ஒண்ணு சொன்னா மனசுல வச்சுக்கிடாதீங்க மாப்ள. எல்லாம் நல்லா இருந்துச்சு. அந்த நாலாவது பாட்டுல மட்டும் தபேலா கொஞ்சம் தூக்கலாக் கேட்டுது."

எசக்கிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கே தெரிஞ்சுது மாமா. உணர்ச்சிவசப்பட்டுட்டேன்" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

மறுநாள் விடிந்ததிலிருந்து எசக்கிமுத்து தபேலாவுக்கு ஒரு சாண் உயரத்தில் கையை வைத்து நாலாவது பாட்டை மட்டும் சாதகம் செய்துகொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, சத்தம் இப்போது பரவாயில்லை, நன்றாகக் குறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.